வயது போனது யாருக்கு?

கடந்த மார்கழி விடுமுறைக்கு ஸ்காபரோவிலிருந்து வந்திருந்த என் மருமகன் (தங்கையின் மகன், வயது பத்தொன்பது), வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் தனது மடிக்கணனியைத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் பொருத்தி, ‘எல்டன் ரிங்’ என்ற விளையாட்டை எனக்கு அறிமுகம் செய்துவைத்தான். 2022 பெப்ரவரியில் ஜப்பானின் புறொம்சொஃப்ற்வெயர் நிறுவனம் வெளியிட்டு, மூன்று கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற விளையாட்டு அது. அதிலே கோட்டைக்குப் போகும் பாலத்தை மறித்துக்கொண்டு மார்கிற் என்றொரு பூதம் கைத்தடியுடன் நிற்கிறது. அதனிடம் பதினோராவது தடவையாக அடிவாங்கிக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து அம்மா கூப்பிட்டார்.

அம்மாவுக்கு எண்பத்துநான்கு வயது. ‘தம்பி’ என்று ஒரு தடவை கூப்பிட்டால் தண்ணீர் வேண்டும் என்று பொருள். இரண்டு தடவை கூப்பிட்டால் தூக்கி இருத்தவேண்டும். அன்று இரண்டு தடவை கூப்பிட்டார். விளையாட்டை நிறுத்திவைக்கும் விசை எது என்று மருமகனைக் கேட்டேன். “இதிலை நிப்பாட்டேலாது மாமா” என்றான். நான் எழுந்து போனேன். திரும்பி வந்து பார்த்தபோது என் வீரன் பன்னிரண்டாவது தடவையும் செத்துக் கிடந்தான். மருமகன் சிரித்தான். “மாமா, உங்களுக்கு வயசு போட்டுது. இனிக் கை ஓடாது.”

பிள்ளை பகிடியாகச் சொன்னதற்குப் பதில் எழுதுவது ஒரு பத்திரிகைக்காரனுக்கு அழகல்ல என்பது தெரியும். ஆனால் இதே வாசகத்தைப் பகிடியாக அல்லாமல் மெய்யாகவே சொல்லுகிறவர்கள் இரண்டு இடத்தில் இருக்கிறார்கள். ஒரு பக்கம் என் வயதுக்காரர். ஐம்பதைக் கடந்ததும் “அதெல்லாம் விட்டாச்சு, மனம் முதிர்ந்துவிட்டது” என்று ஏதோ துறவறம் பூண்டவர்போலப் பேசுகிறார்கள். மறுபக்கம் இந்த விளையாட்டுகளைத் தயாரிக்கும் பெருநிறுவனங்கள். பழைய பாணிச் சண்டையை இளைய தலைமுறை விரும்பாது, கிழவர்களுக்காக விளையாட்டுச் செய்ய முடியாது என்பது அவர்கள் கட்சி. இரண்டு கூற்றுமே பிழை என்பது என் துணிபு.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கை தளர்வது உண்மை. கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ‘ஸ்ரார்கிராஃப்ற் 2’ என்ற போர்த்தந்திர விளையாட்டை ஆடும் 16 முதல் 44 வயது வரையான 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை அலசினார்கள். கண் கண்டதைக் கை செய்யும் வேகம் 24 வயதிலேயே இறங்கத் தொடங்குகிறது என்பது அவர்களது முடிவு. இருபத்துநான்கு! அப்படியானால் என் மருமகனுக்கு இன்னும் ஐந்து ஆண்டுதான் பாக்கி. மூத்த ஆட்டக்காரர்கள் அந்த இழப்பை எளிமையான உத்திகளால் ஈடுசெய்கிறார்கள் என்பதையும் அதே ஆய்வு சொன்னது. செய்தித்தாள்கள் முன்னதைத் தலைப்பாக்கிப் பின்னதைக் கடைசிப் பந்திக்குத் தள்ளின. எங்கள் தொழிலில் நடப்பதுதான்.

ஆகவே என் கை மெதுவானது என்பதில் எனக்கு வழக்கில்லை. என் வழக்கு வேறு. கை மெதுவானவனுக்கு ஆர்வம் ஏன் போகவேண்டும்? சதுரங்கம் ஆடுபவனுக்குக் கை வேகம் எதற்கு? என்னைவிட ஓராண்டு மூத்தவரான விஸ்வநாதன் ஆனந்த், 2017 டிசம்பரில் றியாத் நகரில், தன் 48 ஆவது வயதில் உலக விரைவுச் சதுரங்கப் பட்டத்தை வென்றார். அவரிடம் போய் ‘வயசு போட்டுது’ என்று யாரும் சொல்லவில்லை.

இந்த இடத்தில், விளையாட்டுப் பழக்கமில்லாத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் (இளைஞர்கள் ஆர்.பி.ஜி. என்பார்கள்) சண்டை இரண்டு வகையில் நடக்கும். ஒன்று, முறை வைத்து ஆடுவது. நான் ஒரு அடி அடித்தால் எதிரி ஒரு அடி அடிப்பான். என் முறை வரும்போது நான் எவ்வளவு நேரம் யோசித்தாலும் அவன் காத்து நிற்பான். தாயம், ஆடுபுலி ஆட்டம் எல்லாம் இந்த வகைதான். மற்றையது கைவேகச் சண்டை. எதிரி காத்திருக்க மாட்டான். கணத்துக்குக் கணம் விலகி, பாய்ந்து, வெட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு கலப்பு வகையும் உண்டு. சண்டை ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் வேண்டிய இடத்தில் நிறுத்தி, யோசித்து, கட்டளை கொடுத்துவிட்டு மறுபடி ஓடவிடலாம். எனக்கு இந்த நோய் தொற்றியது அந்தக் கலப்பு வகையால்.

அது ‘பால்டர்ஸ் கேற்’. 1998 டிசம்பரில் வந்தது. அடுத்த ஆண்டு நடுப்பகுதியில் பம்பலப்பிட்டியில் ஒரு மாடிக்கடையிலே ஐந்து இறுவட்டுகளாக வாங்கினேன். (அசல் பிரதியா என்று கேட்காதீர்கள். மூன்றாவது தட்டில் கீறல் இருந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.) அப்போது நான் கொழும்பில் ஒரு நாளிதழின் இரவுக் கடமையில் இருந்தேன். 1998 ஜூனில் இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை வந்திருந்தது. தணிக்கைக்குப் போன பிரதி திரும்பி வரும்வரை பக்கத்தை மூட முடியாது. வருகிற பிரதியிலே எது எஞ்சியிருக்கும் என்றும் தெரியாது. சில இரவுகளில் தலைப்பும் ஊரின் பெயரும்தான் மிஞ்சும். பக்கம் போனபின் அதிகாலை ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பி, நானும் எங்கள் பக்க வடிவமைப்பாளரும் அந்த விளையாட்டின் முன் உட்காருவோம். விடிந்து பால்காரனின் மணி கேட்கும்வரை எழும்ப மாட்டோம்.

அதில் பிரென்ட்லி ஆர்ம் என்றொரு விடுதி வரும். விடுதியின் படிக்கட்டில் ஒரு மந்திரவாதி காத்திருப்பான். ஆட்டத்தின் தொடக்கம், நமது ஆட்கள் ஒரு குத்துக்குத் தாங்காத சோதாக்கள். அவன் முதலில் தன்னைப்போலப் பல பிம்பங்களை உண்டாக்குவான். அடிக்கிற அடி எல்லாம் பிம்பத்தில் விழும். அடுத்து அச்ச மந்திரம். நம்மவர்கள் ஆளுக்கொரு திசையாக ஓடுவார்கள். அந்த ஒருவனை வெல்ல எங்களுக்கு இரண்டு இரவுகள் பிடித்தன. ஸ்பேஸ் விசையைத் தட்டினால் உலகமே நிற்கும். வாய் திறந்தபடி மந்திரவாதி நிற்பான், வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு வெளியிலே நிற்கும். அப்போது நாங்கள் தேநீர் ஊற்றிக்கொண்டு வாதாடுவோம். அவன் மந்திரத்தை உச்சரித்து முடிக்குமுன் ஓர் அம்பாவது பட்டால் மந்திரம் கெடும் என்பதை நண்பர்தான் கண்டுபிடித்தார். ஓடிப்போய் அடிப்பதல்ல, யார் எப்போது எய்வது என்பதே கேள்வி என்று தெரிந்த அந்தக் கணம்... அதற்கு ஈடான மகிழ்ச்சியை விளையாட்டுகளில் பிறகு அதிகம் கண்டதில்லை.

நண்பர் இப்போது லண்டனில் இருக்கிறார். ‘மனம் முதிர்ந்துவிட்டது’ என்று சொல்பவர்களில் அவரும் ஒருவர். போன மாதம் தொலைபேசியில் வேறொரு காரணமும் சொன்னார்: “உண்மையான போரைப் பார்த்த எங்களுக்கு இந்தப் பொம்மைப் போர் எப்படியடாப்பா ருசிக்கும்?” கேட்க உருக்கமாகத்தான் இருந்தது. ஆனால் இது கணக்குக்கு வராத காரணம். போர் உச்சத்தில் நின்ற ஆண்டுகளில்தான் நாங்கள் இருவரும் மிக வெறியோடு ஆடினோம். பகல் முழுவதும் இறந்தவர் எண்ணிக்கையை இரு தரப்பும் இரு விதமாகச் சொல்ல, இரண்டையும் அருகருகே அச்சிட்டுவிட்டு வந்து ஆடினோம். எண்ணிக்கை சரியாக இருக்கிற ஓர் உலகம் எங்களுக்கு அப்போது தேவைப்பட்டது என்றுகூடச் சொல்லலாம். அங்கே ஒருவனிடம் பதினான்கு உயிர்ப்புள்ளி இருந்தால் பதினான்குதான். அன்று கசக்காத போர், துப்பாக்கிகள் ஓய்ந்து பதினாறு ஆண்டுகள் கழிந்தபின் கசக்கிறதாம். போர் எங்களிடமிருந்து பறித்தவற்றின் பட்டியல் போதுமான அளவு நீளமானது. சோம்பலையும் அதில் சேர்த்துவிடாதீர்கள்.

இனி நிறுவனங்களின் கட்சிக்கு வருவோம். முறை வைத்து ஆடும் சண்டை என்பது அந்தக் காலத்துக் கணனிகளின் பலவீனத்தால் பிறந்தது, இன்றைய வலிமையான இயந்திரங்களுக்கு அது தேவையில்லை என்று ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. வரலாறு தெரியாதவர்கள் சொல்வது இது. ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ 1978 இல் வந்தது. ‘பக்மான்’ 1980. இரண்டும் கைவேக விளையாட்டுகள், இரண்டும் பின்னாளைய இயந்திரங்களோடு ஒப்பிட முடியாத சிறு இயந்திரங்களில் ஓடியவை. ஜப்பானில் நின்ரெண்டோவின் ஒரே பெட்டியில் 1985 இல் ‘சுப்பர் மரியோ பிறதர்ஸ்’ ஓடியும் பாய்ந்தும் விற்றது. அடுத்த ஆண்டு அதே பெட்டிக்கு யூஜி ஹொரி ‘டிராகன் குவெஸ்ட்’ செய்தார். மரியோவைக் குதிக்கவைத்த இயந்திரத்துக்கு ஹொரியின் வீரனைக் குதிக்கவைக்க முடியாமலா போயிற்று? அவர் வேண்டுமென்றே கட்டளைப் பட்டியலை வைத்தார். கை சாமர்த்தியம் இல்லாதவனும், பொறுமையாகத் தன் வீரனை வளர்த்தால் கதையின் முடிவைக் காணலாம் என்பது அந்த அமைப்பின் உட்பொருள். ஹொரி 1954 இல் பிறந்தவர். இன்றும் அதே தொடரின் அடுத்த பாகத்தைச் செய்துகொண்டிருக்கிறார்.

இன்னும் பின்னோக்கிப் போனால் கணனியே இல்லை. 1824 இல் பிரஷ்யப் படை அதிகாரிகளுக்குப் போர்த்தந்திரம் பழக்கவென ரைஸ்விற்ஸ் என்ற இளம் அதிகாரி, தன் தந்தையின் பழைய அமைப்பைத் திருத்தி ஒரு மேசை விளையாட்டை உருவாக்கினார். ஒரு முறை என்பது களத்தில் இரண்டு நிமிடம். அந்த மரபின் கிளைகள் ஒன்றரை நூற்றாண்டு வளர்ந்து அமெரிக்காவில் பொம்மைப் படை ஆட்டங்களாகி, அவற்றிலிருந்து 1974 இல் கைகக்ஸ், ஆனிசன் இருவரும் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ செய்தார்கள். கணனி ஆர்.பி.ஜி.களின் தாய் அதுதான். முறை என்பது இயந்திரத்தின் குறைபாட்டுக்கு இட்ட ஒட்டு அல்ல. யோசிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட இடம் அது.

அந்த இடத்தைத்தான் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். 1996 முடியும் தறுவாயில் வந்த ‘டயப்ளோ’ முதலில் முறை வைத்து ஆடும் விளையாட்டாகவே திட்டமிடப்பட்டது. அதைச் செய்த டேவிட் பிறெவிக் அதைக் கைவேகத்துக்கு மாற்ற முதலில் தயங்கியதையும், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் மாற்றிப் பார்த்து மனம் மாறியதையும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். நல்ல விளையாட்டுத்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன்பின் எல்லோருக்கும் அந்த வெள்ளிக்கிழமை தேவைப்பட்டது. 1997 இல் முறை வைத்து ஆடிய ‘ஃபோல்அவுட்’, கை மாறி 2008 இல் மூன்றாம் பாகமாக வந்தபோது துப்பாக்கியும் ஓட்டமுமாகியிருந்தது. 2001 இன் பத்தாம் பாகம்வரை கட்டளை கொடுத்து ஆடிய ‘பைனல் பான்ரஸி’, 2016 இல் பதினைந்தாம் பாகத்தில் முழுக் கைவேகமாயிற்று. பதினாறாம் பாகத்தின் தயாரிப்பாளர் நவோக்கி யோஷிடா, கட்டளையைத் தெரிந்தெடுத்து ஆடுவதில் என்ன சுவை என்பது இளைய ஆட்டக்காரர் பலருக்குப் பிடிபடுவதில்லை என்று 2022 இல் பேட்டிகளில் விளக்கினார். அவர் நிதானமாகப் பேசுகிறவர், பழைய பாணியைத் தான் வெறுக்கவில்லை என்றும் சொன்னார். ஆனால் 2023 ஜூனில் விளையாட்டு வந்தபோது அதற்குள்ளே சில மந்திர மோதிரங்கள் இருந்தன. ஒன்றை அணிந்தால் எதிரியின் அடியிலிருந்து வீரன் தானாகவே விலகுவான். இன்னொன்றை அணிந்தால் ஒரே விசையைத் தட்டிக்கொண்டிருக்க வீரன் வித்தையெல்லாம் காட்டுவான்.

இதைத்தான் நான் அவமானம் என்கிறேன். எனக்கு முதியோர் கொடுப்பனவு வேண்டாம். யோசித்து ஆடும் ஆட்டத்தை என்னிடமிருந்து பறித்துவிட்டு, யோசிக்கவும் வேண்டாம் ஆடவும் வேண்டாம் என்று மோதிரம் மாட்டிவிடுவது என்ன கரிசனை?

அந்த மோதிரம் வந்து இரண்டு மாதம் கழியவில்லை. 2023 ஓகஸ்டில் பெல்ஜியத்தின் கென்ற் நகரத்து லேரியன் நிறுவனம் ‘பால்டர்ஸ் கேற் 3’ ஐ வெளியிட்டது. பழைய கலப்பு முறையைக்கூடக் கைவிட்டு, சுத்தமாக முறை வைத்து ஆடும் சண்டை. ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான விருதை வாங்க அதன் தலைவர் ஸ்வென் விங்க இரும்புக் கவசம் அணிந்து மேடையேறினார். (1972 இல் பிறந்தவர். எங்கள் செற்.) 2025 ஏப்ரலில் பிரான்சின் மொன்பெலியே நகரத்திலிருந்து ‘கிளெயர் ஒப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிசன் 33’ வந்தது. அதுவும் முறை வைத்து ஆடுவதே, அதுவும் அவ்வாண்டின் சிறந்த விளையாட்டு விருதை வென்றது. அதை உருவாக்கிய கியோம் புறோஷ் முப்பதுகளில் இருப்பவர், பெரிய நிறுவனத்தை விட்டு வெளியேறி, சிறு குழுவோடு அதைச் செய்தவர். இளைய தலைமுறைக்குச் சுவை பிடிபடாது என்ற கட்சிக்கு இதைவிட என்ன மறுப்பு வேண்டும்?

எதிரியின் அடியைச் சரியான கணத்தில் தட்டிவிடும் கைவேகம் ‘எக்ஸ்பெடிசன் 33’ இலும் இருக்கிறது. அந்தத் தட்டலில் நான் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். ஆனால் என் முறை வரும்போது அது என்னுடைய முறை.

அம்மா கூப்பிட்ட அந்த மாலைக்குத் திரும்புகிறேன். என்னைத் தோற்கடித்தது பூதத்தின் கைத்தடி என்றால் குறை சொல்ல மாட்டேன். அந்த விளையாட்டைச் செய்த ஹிடெற்றாக்கா மியாசாக்கி 1974 இல் பிறந்தவர், தானே திறமையான ஆட்டக்காரர் அல்ல என்று சொல்லிக்கொள்கிறவர். கடினம் வேண்டும் என்பது அவர் கொள்கை, அதை மதிக்கிறேன். ஆனால் கடினம் வேறு, நிறுத்தமுடியாமை வேறு. மற்றவர்களோடு இணையத்தில் சேர்ந்து ஆடுவதால் நிறுத்தும் வசதி வைக்கவில்லை என்கிறார்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டுத் தனியாக ஆடினாலும் நிறுத்த முடியாதே, அதற்கு என்ன சமாதானம்? இதே நிறுவனம் 2019 இல் செய்த ‘செகிறோ’ இதற்குச் சற்றும் குறையாத கடினம். அதில் நிறுத்தலாம். ஆக, இது முடியாத காரியம் அல்ல. வேண்டாம் என்று வைத்த காரியம்.

பத்தொன்பது வயதில் வாழ்க்கை யாரையும் நடுவில் கூப்பிடுவதில்லை. ஐம்பத்தைந்தில் எல்லாமே நடுவில்தான் கூப்பிடுகிறது. அடுப்பில் பால், வாசலில் கூரியர்காரன், அச்சகத்திலிருந்து தொலைபேசி, உள்ளறையில் அம்மா. 2022 மார்ச் கடைசியில் இந்நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றதே, அதைக் கண்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நிறுத்திவைக்க முடியாத ஆட்டம் என் கையை மட்டும் கேட்கவில்லை, அந்த ஒரு மணித்தியாலத்துக்கு என் வீட்டிலே வேறு எவரும் இருக்கக்கூடாது என்று கேட்கிறது. அதைக் கொடுக்க முடியாதவனை வயது போனவன் என்று அழைத்தால் அந்தப் பெயரில் எனக்குக் குறையில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் நேர்மையாகாது. ‘பால்டர்ஸ் கேற் 3’ ஐ நான் முடிக்கவில்லை. மூன்றாம் பாகத்தில், நகரத்துக்குள் நுழைந்து சில தெருக்களில் அலைந்ததோடு நிற்கிறது. அறுபத்தொரு மணித்தியாலம் ஆடியிருக்கிறேன் என்று திரை சொல்கிறது. முடிக்க இன்னும் எவ்வளவோ வேண்டும். 1999 இல் என்னிடம் இருந்து இன்று இல்லாமற்போனது இதுதான். விடியும்வரை இருந்த அந்த ஆளை நான் எங்கே தேடுவேன்? ஆர்வம் குறைந்துவிட்டது என்று நண்பர் சொல்வதில் இவ்வளவு உண்மை இருக்கிறது. மிச்சத்துக்கு நான் வடிவமைப்பாளர்களைத்தான் குற்றம் சாட்டுவேன்.

ஏனென்றால், முப்பது ஆண்டுகளாகப் பக்கம் நிரப்புகிறவன் நான். விளம்பரம் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டால் வெற்றிடத்தில் எதைப் போட்டு அடைப்பது என்பது எனக்கு அத்துப்படி. ஒரு விளையாட்டில் பத்து மூலிகை பறித்து வா, எட்டு ஓநாய் கொன்று வா, இந்தக் கடிதத்தை அந்த ஊரில் கொடுத்துவிட்டு வா என்று வரும்போது, இடம் நிரப்புகிறார்கள் என்பது மூன்றாவது ஓநாயிலேயே தெரிந்துவிடுகிறது. நூறு மணித்தியாலம் என்று பெட்டியில் போட்டு விற்பதை நான் ஞாயிறு இதழின் பக்க எண்ணிக்கையைப் போலத்தான் பார்க்கிறேன். 2006 இல் ‘ஒப்லிவியன்’ என்ற விளையாட்டுக்குக் குதிரைக் கவசத்தை இரண்டரை டொலருக்குத் தனியாக விற்றபோது உலகம் சிரித்தது. சிரித்தவர்களே பிறகு வரிசையில் நின்றார்கள். இன்று பல விளையாட்டுகள் முடிவதே இல்லை. தினமும் வந்து ஒப்பம் வைக்கச் சொல்கின்றன. எனக்கு ஏற்கெனவே ஓர் அலுவலகம் இருக்கிறது.

‘எக்ஸ்பெடிசன் 33’ இன் பிரதான கதை ஏறத்தாழ முப்பது மணித்தியாலத்தில் முடிகிறது. ஒரு நாளைக்கு முக்கால் மணித்தியாலம் என்று கணக்குப் பார்த்தால், ஐம்பத்தைந்து வயதுக்காரன் ஒருவன் இரண்டு மாதத்துக்குள் முடிப்பான். நான் பாதி வந்திருக்கிறேன்.

லண்டன் நண்பருக்கு ‘பால்டர்ஸ் கேற்’ முதற்பாகத்தின் புதுப்பித்த பதிப்பை வாங்கி அனுப்பியிருக்கிறேன். 2012 இல் வந்த பதிப்பு, இறுவட்டு கீறுகிற கவலை இல்லை. இன்னும் திறந்து பார்க்கவில்லை என்றார். மருமகன் இந்த மார்கழியும் வருகிறானாம். அம்மம்மாவின் கட்டிலை முன்னறைப் பக்கமாக நகர்த்தி வைத்தால் மாமா அந்தப் பாலத்தைக் கடந்துவிடுவார் என்பது அவன் சொன்ன யோசனை. கட்டிலை நகர்த்தியாயிற்று. வெளிச்சமும் அங்கேதான் நன்றாக விழுகிறது என்று அம்மா சொல்கிறார். மார்கிற் இன்னும் பாலத்தில் நிற்கிறது.